வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளம்: நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஏற்பத் திட்டமிடுதல்

வீட்டுத் தோட்டக் குளம் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பனி உறையும் நாடுகளில் எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் நீரின் மேற்பரப்பு உறைந்துவிட்டால் மீன்கள் பிழைத்திருக்க எவ்வளவு ஆழம் வேண்டும், இலையுதிர்காலத்தில் குளத்தின்மீது வலை விரிப்பது எப்படி என்பவையே அவற்றின் கவலைகள். தமிழ்நாட்டில் ஒரு குளத்தைச் சோதிப்பவை வேறு: சித்திரை வெயிலில் நாள்தோறும் இறங்கும் நீர்மட்டம், ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் மழை, உப்புக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீர், கொசு. இந்த நான்குக்கும் வரைபடத்திலேயே விடை கண்டுவிட்டால், பிறகு வரும் வேலை கொத்தனாருடையதும் செடிகளுடையதும்தான். 8 அடி நீளம், 6 அடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, வரிசையாகச் செய்ய வேண்டியவற்றைக் கீழே விவரிக்கிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

தோட்டத்தில் காலியாக உள்ள இடத்தை அளந்து அதற்கேற்பக் குளத்தின் அளவை முடிவுசெய்வதுதான் வழக்கம். ஆனால், கோடையில் வீட்டுக்கு மிஞ்சும் தண்ணீரை அளந்து முடிவுசெய்வதே சரியான முறை. ஏப்ரல், மே மாதங்களில் நம் சமவெளிப் பகுதிகளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆவியாகக்கூடும். நம் எடுத்துக்காட்டுக் குளத்தின் பரப்பு 48 சதுர அடி, அதாவது ஏறத்தாழ நாலரை சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள்; எனவே இந்தக் குளம் ஒரு நாளில் 27 முதல் 36 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்குக் குறையாமல் இழக்கும். காற்றோட்டமான இடத்திலும், ஓரச் செடிகள் அடர்ந்த பிறகும், நீரூற்று ஓடும் நேரத்திலும் இழப்பு இதைவிடக் கூடும். சித்திரையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் தெருவில் வீடு இருக்குமானால் குளத்தைப் பாதியாகச் சுருக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 4 அடி விட்டமுள்ள கிணற்று உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைக் கான்கிரீட்டால் மூடி, இணைப்பைப் பூசிவிட்டால், இரண்டடி நீர் நிற்கும்போது 700 லிட்டர் கொள்ளும் அழகான வட்டக் குளம் கிடைத்துவிடும். இரண்டு அல்லிகளுக்கும் சில சிறு மீன்களுக்கும் அது தாராளம்.

அளவோடு நீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதிலிருந்த உப்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. சரிவும் படிகளும் போக நம் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 2300 லிட்டர். நாளுக்கு 30 லிட்டர் வீதம் ஊற்றினால் இரண்டரை மாதத்தில் ஒரு முழுக் குளத்தின் நீரை ஊற்றியிருப்போம், அதாவது உப்பு இரட்டிப்பாகியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பாத்திரத்தில் வெள்ளை படியும் ஊர்களில் இதனால் அல்லி இலைகளின் விளிம்பு கருகும், குளத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு படியும். மாடியில் விழும் மழைநீரைக் குளத்துக்குத் திருப்ப ஒரு குழாய் வைத்துக்கொள்வது இதற்கு நல்ல மருந்து. பருவத்தின் முதல் மழையில் மாடித் தூசியும் பறவை எச்சமும் வரும் என்பதால் அதை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரை வீணாக்க மனமில்லாமல் குளத்தில் விடுகிறவர்கள் உண்டு. அந்த நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அது குளத்துக்கு ஆகாது.

இடம்: எங்கே வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குங்கள்

மனையின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஆகாத இடங்களை முதலில் அடித்துவிடுவது எளிது. கழிவுநீர்த் தொட்டிக்கும் குடிநீர்த் தேக்கத் தொட்டிக்கும் அருகில் வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்தும் மதிலிலிருந்தும், குளத்தின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளித் தோண்டினால் அடித்தளத்து மண் தளராது. மனையில் மிகத் தாழ்ந்த மூலை குளத்துக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். அந்த ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது. மழை பெய்யும்போது தோட்டத்து மண்ணும் எருவும் வழிந்து அங்கேதான் வந்து சேரும், குளத்து நீர் காப்பி நிறமாகிப் பிறகு பாசி பிடித்துப் பச்சையாகும். சுற்றுத் தரையைவிடக் குளத்தின் விளிம்பு மூன்று நான்கு அங்குலம் உயர்ந்திருக்கும் இடமே பொருத்தம்.

மரங்களைப் பொறுத்தவரை, வேம்பு, புங்கு, வாதாம் ஆகிய மூன்றின் அடியிலும் குளம் அமைக்க வேண்டாம். வாதாம் இலை உள்ளங்கையைவிடப் பெரியது. நீரில் ஊறி அடியில் படிந்து கறுத்துப் போகும். வேம்பு மாசி, பங்குனியில் மொத்தமாக இலை கொட்டி, பிறகு பூவைக் கொட்டி, ஆனி வாக்கில் பழத்தையும் கொட்டும். அரசு, ஆல், அத்தி போன்றவற்றின் வேர் சிமென்டுப் பூச்சின் மயிரிழை விரிசலைக்கூடத் தேடிவந்து நுழைந்துவிடும். தென்னையின் வேர் அவ்வளவு முரடானதல்ல. ஆனால், விழும் மட்டையும் நெற்றும் குளத்துக்கும் ஆபத்து, அதன் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

வெயில் எவ்வளவு வேண்டும்? அல்லி பூக்க நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. தாமரைக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டும். ஆனால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடிக்கும் மேற்கு வெயில்தான் நீரைக் கொதிக்க வைப்பது. காலை வெயில் முழுவதும் விழுந்து, பிற்பகலில் வீட்டின் நிழலோ பந்தலின் நிழலோ சாயும் கிழக்குப் பக்கம் கிடைத்தால் வேறு இடம் தேட வேண்டாம். நிழலை ஒரே நாளில் பார்த்து முடிவுசெய்துவிடவும் கூடாது. ஜூன் மாதத்து உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். மே மாதத்தில் பளிச்சென்று இருந்த வடக்குத் தோட்டம் மார்கழியில் வீட்டு நிழலில் மூழ்கிக் கிடப்பது இதனால்தான்.

கயிறும் கோலமாவும்

இடம் தீர்ந்ததும் காகிதத்தில் வடிவம் வரைவதைவிட, தரையிலேயே வரைந்து பார்ப்பது மேல். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு, பிடித்த வடிவம் வந்ததும் அதன் ஓரமாகக் கோலமாவைத் தூவிக் குழாயை எடுத்துவிடுங்கள். பிறகு வீட்டுக்குள் போய், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்தும், சமையலறைச் சன்னலிலிருந்தும், திண்ணையிலிருந்தும் பாருங்கள். நின்று பார்க்கும்போது பெரிதாகத் தோன்றிய வட்டம் உட்கார்ந்து பார்க்கும்போது தட்டையாகி, மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். பார்வைக் கோட்டின் திசையில் குளத்தைச் சற்று நீட்டினால் நீர் கண்ணில் படும். வளைவுகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. நிலக்கடலைபோல் நடுவில் இடுங்கிய வடிவம் வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். கொத்தனாருக்கும், நீர் கசியாமல் குளத்தில் போடும் விரிப்புக்கும் அது தலைவலி, அந்த இடுக்கில் நீரும் தேங்கும். சிறிய மனையில், வீட்டின் சுவர்க் கோட்டுக்கு இணையான நேர்ச் சதுரமும் நீள்சதுரமும் கெட்டியாக அமைந்துவிடுகின்றன. நம் கோயில் குளங்கள் எல்லாம் நேர்கோட்டில் படி இறங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வடிவம் அந்நியமாகவும் தோன்றாது.

கோலமாவுக் கோட்டை ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். துணி காயப்போடப் போகிறவர், இருசக்கர வண்டியைத் திருப்புகிறவர், பந்து விளையாடும் பிள்ளைகள் ஆகியோரில் எத்தனை பேர் அந்தக் கோட்டை மிதித்துக் கடக்கிறார்கள் என்று பார்த்தால், குளம் நடைபாதையில் அமைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆழமும் படிகளும்

குளம் கிண்ணம்போல ஒரே சரிவாக இருக்கக் கூடாது. சரிந்த சுவரில் எந்தத் தொட்டியும் நிற்காது. மூன்று மட்டங்கள் வேண்டும். விளிம்பிலிருந்து 9 முதல் 12 அங்குலம் கீழே, ஓரடி அகலத்தில் ஒரு படி. வசம்பு, கோரை போன்ற ஓரச் செடிகளின் தொட்டிகளுக்கு இது. அதற்குக் கீழே 18 அங்குலத்தில் அல்லித் தொட்டிகளுக்கான தளம். நடுவில் இரண்டரை அடிப் பள்ளம். வெயில் காலத்தில் மீன்கள் இறங்கி நிற்கும் அறை அதுதான். ஆழம் இரண்டடிக்குக் குறைந்தால் மே மாதப் பிற்பகலில் நீர் முழுவதும் சூடேறிவிடும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடுகிறது. சூடான நீரில் மீனுக்கு மூச்சு முட்டுவது இந்தக் கணக்கினால்தான்.

ஒரு பக்கத்தில் மட்டும் படியை விட்டுவிட்டு, கூழாங்கற்கள் பரப்பிய மென்சரிவை அமையுங்கள். தவளையும், தவறி விழுந்த அணிலும் ஓணானும் ஏறிப் பிழைக்க அது வழி. மைனாவும் புல்புலும் குளிக்கும் துறையும் அதுவே.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தாலோ, அடிக்கடி வந்துபோனாலோ ஆழத்தைப் பற்றிய இந்தப் பேச்சு எல்லாமே மாறிவிடும். ஓரடி நீரில்கூடக் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமில்லாமல். நீர்மட்டத்தை ஒட்டி, அதற்குக் கீழே போகாமல், குளம் முழுவதையும் மறைக்கும்படி, இரண்டு அங்குலக் கண்ணுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையைச் சட்டத்தில் பற்றவைத்துப் பொருத்தலாம். பெரியவர் ஒருவர் காலை வைத்தாலும் தாங்கும் வலு அதற்கு இருக்க வேண்டும். அல்லித் தண்டுகள் கண்களின் வழியே மேலே வந்துவிடும். அதைச் செய்ய இயலாவிட்டால், குழந்தை வளரும் வரை குளத்தைத் தள்ளிப்போடுங்கள்.

விரிப்பா, சிமென்டா?

களிமண்ணை மிதித்து இறுக்கிக் கட்டுவது ஊருணிகளின் முறை. ஆண்டு முழுவதும் ஈரம் காக்கும் பெரிய பரப்புக்கு அது பொருந்தும். கோடையில் வற்றினால் வெடித்துவிடும் சிறு குளத்துக்குப் பொருந்தாது. நமக்கு மிஞ்சும் வழிகள் விரிப்பும் சிமென்டும்.

பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது, வெயிலையும் தாங்குகிறது. ஆனால், அது விறைப்பானது. படிகளும் வளைவுகளும் உள்ள சிறு குளத்தில் மடிப்பு மடிப்பாக நிற்கும். இ.பி.டி.எம். எனப்படும் ரப்பர் விரிப்பு துணிபோல் படியும், விலை கூடுதல். எந்த விரிப்பானாலும் அளவெடுக்கும் முறை ஒன்றே: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், ஓரங்களுக்காக இரண்டடியையும் கூட்டுங்கள்; அகலத்துக்கும் அப்படியே. நம் குளத்துக்கு 8 உடன் 5 உடன் 2 சேர்த்து 15 அடி நீளமும், 6 உடன் 5 உடன் 2 சேர்த்து 13 அடி அகலமும் தேவை. விரிப்பின் அடியில் இரண்டு அங்குலம் சலித்த மணலும் அதன்மேல் தடித்த செயற்கை இழைத் துணியும் இட வேண்டும். சாக்கைப் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். அது மக்கிவிடும், கரையானையும் அழைத்துவரும்.

விரிப்புக்கு நம் ஊரில் ஓர் எதிரி உண்டு. பெருச்சாளி வளை தோண்டும் தோட்டத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விரிப்பும் ஓராண்டு தாங்குவது சந்தேகம். அங்கே சிமென்டுதான் வழி. அடியில் நான்கு அங்குலக் கான்கிரீட், சுவருக்குச் செங்கல் கட்டு அல்லது கம்பிவலையோடு கோழிவலை வைத்து ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையில் பூச்சு, கலவையில் நீர்க்கசிவு தடுப்புத் திரவம், மூலைகளில் கூர்மையில்லாத உருண்டை வளைவு ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் சுவரையும் பூச்சையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பூச்சு முடிந்து பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்திவிடும். அதில் விட்ட மீன் மறுநாளே செத்து மிதக்கும். ஆகையால் குளத்தை நிரப்பி நான்கைந்து நாள் வைத்து வடிப்பதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். வாழைமரத் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஊறப்போடுவது வண்ணமீன் வளர்ப்பவர்களின் பழைய வழக்கம். அழுகும் தண்டு நீரைச் சற்றுப் புளிக்கச் செய்து காரத்தைத் தணிக்கிறது. நாற்றம் ஒரு வாரம் அக்கம்பக்கத்தைச் சோதிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில், காரத்தன்மையை அறிய உதவும் பி.எச். அளவு காட்டும் தாளால் சோதித்து, எட்டரைக்குக் கீழே வந்தபிறகே செடியும் மீனும்.

தோண்டுதல், அதைவிட முக்கியமாக மட்டம்

தோண்டுவதற்கு மாசி, பங்குனி நல்ல காலம். மண் காய்ந்திருக்கும், பள்ளத்தில் ஊற்று எடுக்காது. ஆடிக்குள் கட்டுமானமும் ஊறவைத்தலும் முடிந்துவிட்டால், செடிகள் வேர்பிடித்த நிலையில் ஐப்பசி மழையைச் சந்திக்கலாம். கடலோரப் பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஓரிரு அடி கீழே வரை ஏறிவிடுவதுண்டு. அப்போது குளம் காலியாக இருந்தால், கீழிருந்து வரும் அழுத்தம் விரிப்பைப் பலூன்போல் தூக்கிவிடும், சிமென்டுத் தளத்தையே பிளந்தும் விடும். எனவே மழைக்காலத்தில் குளத்தை வடிக்கக் கூடாது.

மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவியுங்கள். களிப்பான அடிமண் பிறகு அல்லித் தொட்டிகளுக்கு வேண்டும்.

என் முதல் குளத்தில் நான் கற்ற பாடம் மட்டத்தைப் பற்றியது. விளிம்புக் கற்களைக் கண்ணால் பார்த்தே வரிசைப்படுத்தினோம். கல் வேலை பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. தண்ணீர் நிரப்பிய மாலையில்தான் உண்மை தெரிந்தது. தெற்கு ஓரத்தில் நீர் கல்லைத் தொட்டு வழிய நின்றபோது, வடக்கு ஓரத்தில் இரண்டு அங்குல அகலத்துக்குக் கறுப்பு விரிப்பு பட்டையாகத் தெரிந்தது. தரையின் கோணல் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். எல்லாக் கற்களையும் பெயர்த்து மறுபடி வைத்தோம்.

அதற்குப் பிறகு டியூப் லெவல் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. கொத்தனார்கள் எல்லாரிடமும் இருக்கும் ஒளி ஊடுருவும் நீண்ட குழாய்தான் அது. அதில் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாதபடி விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்ற வேண்டும். ஒருவர் ஒரு முனையைத் தெற்கு ஓரத்து முளையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையோடு வடக்கு ஓரத்துக்குப் போவார். குழாய்க்குள் நீர் ஏறி இறங்கி ஆடி நிற்கும் வரை இருவரும் பேசாமல் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் கோடு. குளத்தைச் சுற்றி இரண்டடிக்கு ஒரு முளை அடித்து, எல்லா முளைகளிலும் இப்படிக் கோடு போட்டபிறகே விளிம்பைக் கட்டுங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நம் குளத்தைப் பொறுத்தவரை, செலவு வைக்காமல் பெரும்பலன் தரும் ஒரு மணி நேரம் அதுதான்.

வழியும் நீருக்கு வழி

ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது நம் கடலோர மாவட்டங்களில் புதிதல்ல. அந்த நாளில் நம் குளத்தின்மீது நேரடியாக விழும் நீர் மட்டும் 450 லிட்டர். மாடிக் குழாயையும் திருப்பியிருந்தால் அதைப்போல் பல மடங்கு. விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே, இரண்டு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயை வழிகாலாகப் பதித்துவிட வேண்டும். மாடிநீர் வருமானால் மூன்று அங்குலக் குழாய். உள்முனையில் வலை கட்டாவிட்டால் மீன்கள் தெருவுக்குப் போய்விடும். வலையில் இலை அடைத்துக்கொள்ளும் என்பதால் மழைக்கு முன் அதைத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வழியும் நீர் எங்கே போக வேண்டும்? தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பெரும்பாலான வீடுகளில் உறிஞ்சுகுழி ஏற்கெனவே இருக்கும். குளத்து நீரில் பாசியும் மீன் கழிவும் இருப்பதால், அதைத் திறந்த கிணற்றுக்குள் நேரடியாக விட வேண்டாம். வாழைப் பாத்திக்கோ சேம்புப் பாத்திக்கோ திருப்பினால், அங்கே மண்ணில் வடிந்து தானே நிலத்துக்குள் இறங்கும்.

பம்பும் மின்சாரமும்

செடிகள் நிறைந்து, சிறு மீன்கள் குறைவாக உள்ள குளத்துக்குப் பம்பு கட்டாயமில்லை. நீர் விழும் ஓசையும், வெயில் காலத்தில் கூடுதல் ஆக்சிஜனும் வேண்டுமென்றால் வைக்கலாம். குளத்தின் நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்றால் போதும். 2300 லிட்டருக்கு மணிக்கு 1150 லிட்டர் தேவை. நீரை மூன்றடி மேலே ஏற்றும்போது பம்பின் திறன் குறைவதால், பெட்டியில் 1800 முதல் 2000 லிட்டர் என்று குறித்திருப்பதை வாங்குங்கள். 30 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 43 யூனிட் ஆகும். அல்லி இலையின்மேல் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அது அழுகிவிடும் என்பதால், நீரூற்று ஒரு மூலையிலும் அல்லி எதிர்மூலையிலும் இருக்கட்டும்.

நீரில் மின்சாரம் விளையாட்டல்ல. குளத்துக்கான இணைப்பில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும், கம்பி முழுவதும் குழாய்க்குள் புதைந்திருக்க வேண்டும், நீருக்குள் கை விடும் ஒவ்வொரு முறையும் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும்.

செடிகள்: எந்த அல்லி உங்கள் வீட்டுக்கு?

நாட்டு அல்லிகளில் வெள்ளையும் சிவப்புமான ஆம்பல் வகைகள் பொழுது சாய்ந்தபிறகு மலர்ந்து, மறுநாள் முற்பகலில் கூம்பிவிடும். நீல வகை காலையில் மலர்ந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர் நீல அல்லியை வைத்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பூவைப் பார்ப்பார். அவருக்கு ஏற்றது ஆம்பல்தான். தாமரை பெரிய இடம் கேட்கும். குளத்தின் அடியில் நேரடியாக நட்டால் கிழங்கு ஓடி எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இரண்டடி அகலமுள்ள, துளையில்லாத வட்டத் தொட்டிக்குள் அடக்கியே வையுங்கள்.

அல்லிக்கு ஆழத்தைவிட அகலம் கூடிய தொட்டி வேண்டும். அதில் தோண்டி எடுத்த களிமண்ணையோ ஏரி வண்டலையோ நிரப்புங்கள். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மிதந்து எழுந்து நீரைக் கெடுக்கும். கிழங்கைத் தொட்டியில் புதைத்து, துளிர் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியும்படி விட்டு, மேலே ஓரங்குலம் பருமணல் பரப்புங்கள். நடவானதும் தொட்டியை நேரே அடித்தளத்தில் இறக்கிவிடக் கூடாது. செங்கற்களை அடுக்கி, துளிருக்குமேல் ஐந்து அங்குலம் நீர் நிற்கும்படி முதலில் வையுங்கள். இலைகள் மேலே வந்து விரிந்ததும் ஒரு செங்கல்லை எடுங்கள். இலைகள் ஓரிரு நாள் நீருக்குள் மூழ்கி, தண்டு நீண்டு மறுபடி மேலே வரும். அடுத்த வாரம் இன்னொரு செங்கல்.

ஓரப் படிக்கு வசம்பு, வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி ஆகியவை பார்க்கவும் அழகு, சமையலுக்கும் மருந்துக்கும் உறவு. குளத்து நீர் எத்தகையது என்பதை அறிந்த பிறகே கீரையைப் பறித்துச் சமையுங்கள். நீருக்குள் மூழ்கி வளரும் வேலம்பாசி சத்துகளை உறிஞ்சிப் பாசியின் வாயில் மண் போடும். நடக்கூடாதவற்றில் முதலாவது வெங்காயத்தாமரை. ஊதாப் பூவைக் கண்டு ஏமாந்து ஒரு செடியைக் கொண்டுவந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். வழிகால் வழியே ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. சம்புப் புல்லும் அப்படியே, அதன் கூரிய வேர்த்தண்டு விரிப்பையும் குத்திவிடும்.

நீர்ப்பரப்பில் பாதிக்குமேல், மூன்றில் இரண்டு பங்கு வரை இலைகளால் மூடியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது, ஆவியாவதும் குறையும். புதுக்குளம் முதல் ஒரு மாதம் பச்சையாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு பதறி நீரை மாற்றுகிறவர், பாசிக்குப் புதுச் சாப்பாடு போடுகிறார் என்றே பொருள். இலைகள் பரவும்வரை பொறுத்திருங்கள்.

மீனும் கொசுவும்

கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே மீனில்லாத குளம் வேண்டாம். உண்மையில், மீனுள்ள குளத்தைவிடக் குளத்தைச் சுற்றிக் கிடக்கும் பொருள்களே டெங்குக் கொசுவை வளர்க்கின்றன: தாமரை நட மண்ணும் நீருமாக வைத்து மறந்துபோன வாளி, கவிழ்க்காத உபரித் தொட்டி, பம்பு மூடியில் தேங்கிய மழை. குளத்தைச் சரியாக அமைத்த பலர் இந்த வாளியில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

உள்ளாட்சி அமைப்புகள் கொசு ஒழிப்புக்காகக் கிணறுகளில் விடும் கப்பி மீன் பத்துப் பதினைந்து இருந்தால் நம் குளத்துக்குப் போதும். அவை தாமே பெருகும். நாட்டு வகைகளில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே திரியும் சிறு மீன் கொசுப்புழுவைத் தேடித் தின்னும். ஏரிக்கரையில் வலை போடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். காம்பூசியா என்னும் அயல்நாட்டு மீனை விட வேண்டாம். அது தலைப்பிரட்டைகளையும் மற்ற மீன்களின் துடுப்புகளையும் கடித்துவிடும். ஜிலேபிக் கெண்டை அடியைக் கிளறித் தொட்டிகளைக் கவிழ்க்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. சென்னை கொளத்தூர்க் கடைகளில் கோய் மீனைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இரண்டடி வரை வளரும், அல்லிக் கிழங்கைத் தோண்டும், ஏராளமாகக் கழிவை விடும். அதற்கு நான்கடி ஆழமும் முறையான வடிகட்டியும் கொண்ட வேறு குளம் தேவை. செடிக்குளமும் கோய்க்குளமும் ஒன்றாக அமையாது.

நீர் நிரப்பிய பிறகு மூன்று வாரமாவது காத்திருந்து மீனை விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் தொட்டிகளிலும் குடியேற அந்தக் காலம் வேண்டும். குழாய்நீரில் குளோரின் வாடை இருந்தால், இரண்டு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். தீனி போடாமலே கப்பிகள் பிழைக்கும். போட ஆசைப்பட்டால், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும்.

தவளை வந்தால் தண்ணீர்ப்பாம்பும் என்றாவது வரும். அதற்கு நஞ்சில்லை, பிடித்தால் கடிக்கும், விட்டால் போய்விடும். மடையான் என்னும் குளக்கொக்கு ஒன்று விளிம்பில் வந்து தவம் செய்யத் தொடங்கினால், நடுப்பள்ளத்தில் இரண்டு பெரிய ஓடுகளைச் சாய்த்து வையுங்கள். மீன்களுக்கு மறைவிடம் கிடைத்துவிடும்.

முதல் ஆண்டின் வேலைகள்

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இரவில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது என்று பொருள். செடிகள் இரவில் ஆக்சிஜனைக் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்கின்றன. புழுக்கமான, மேகம் மூடிய நாள்களுக்கு மறுநாள் இது கூடுதலாகத் தெரியும். உடனே ஒரு குடம் நீரை உயரத்திலிருந்து ஊற்றி, பம்பு இருந்தால் அதை இரவில் ஓட விடுங்கள்.

கோடையில் மாதம் ஒருமுறை, குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு, புதுநீர் ஊற்றுங்கள். உப்பு சேர்வது குறையும். பழுத்த அல்லி இலைகளை வாரம் ஒருமுறை தண்டோடு கிள்ளி எடுங்கள். ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டருக்குமேல் நீர்மட்டம் இறங்குவதுபோல் தோன்றினால், கசிவு என்று முடிவுகட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்தின் படியில் நிறுத்தி, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் பென்சிலால் குறியுங்கள். பம்பை நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால், விளிம்பு மடிப்பிலிருந்தும் குழாய்ப் பொருத்துகளிலிருந்தும் தேடத் தொடங்குங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடியில் படியும் கறுப்பு வண்டலை ஆண்டுக்கு ஒருமுறை, மாசி வாக்கில், ஒரு பாதியை மட்டும் வாருங்கள். முழுவதையும் சுரண்டினால், அதில் வாழும் தும்பிப் புழுக்களும் நீரைக் காக்கும் பாக்டீரியாக்களும் போய்விடும். வாரிய வண்டலைக் கரையிலேயே ஒரு நாள் விட்டுவையுங்கள். உள்ளே சிக்கிய நத்தைகளும் புழுக்களும் நீருக்குள் திரும்ப அவகாசம் கிடைக்கும். மறுநாள் அதை அள்ளிக் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் போடலாம்.